மாலகியின் பக்கத்து இடம்

கில்மோரன் மடத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. ஆற்றங்கரையில் கூரையில்லாமல் நிற்கிற அந்தப் பழைய துறவியர் மடத்தைப் பார்க்க வருகிறவர்கள், கம்பிக் கதவில் தொங்கும் பலகையைப் படித்துவிட்டு, சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் மஞ்சள் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். சர்க்கார் ஏற்பாடு அப்படி. ஜெர்மன்காரர்கள் தட்டுவதற்கு முன்பே காலைத் துடைத்துக்கொள்வார்கள். டப்ளின்காரர்கள், அவர்கள் தாத்தா எனக்கு வாடகைக்கு விட்ட வீடு மாதிரி சுவரையெல்லாம் பார்த்துக்கொண்டே சாவியை வாங்குவார்கள். இது கோடைக்கதை. குளிர்காலத்தில் ஒரு ஈ காக்கை வராது. தபால்காரன் வருவான், அவனும் வண்டியை விட்டு இறங்கமாட்டான்.

என் பெயர் டிம்ப்னா ஸ்கேலி. என் வீட்டுக்காரர் மாலகி போய் நாலு வருஷம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் அந்த மடத்துக்குள்ளேதான் படுத்திருக்கிறார், வடக்குச் சுவரோரம், தன் அம்மா அப்பாவோடு. இந்த வட்டாரத்தில் சில பழைய குடும்பங்களுக்கு மட்டும்தான் அந்தச் சுவர்களுக்குள் புதைக்கப்படும் உரிமை. ஸ்கேலி குடும்பம் அதில் ஒன்று. காசு கொடுத்தாலும், பாதிரியாரின் தம்பியாகவே இருந்தாலும், மற்றவர்களுக்கு இடம் கிடையாது.

எங்கள் பக்கம் குழி வெட்டுவது அக்கம்பக்கத்தாரின் வேலை. மாலகிக்கு வெட்டியது பக்கத்துப் பண்ணை நோயல். வெட்டி முடித்து, நான் கொண்டுபோன விஸ்கியைக் குடித்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னான்: "டிம்ப்னா, இன்னும் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் இங்க இடம். அந்தாண்ட எல்லாம் பாறை. நீ வேற எவனையாவது கட்டிக்கிட்டு வந்தேன்னா அவன ஆத்துலதான் விடணும்."

அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு அந்த ஒரு இடம்தான் எனக்குத் துணையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? சாயங்காலத்தில் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன். கதவை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு, விழுந்து கிடக்கும் தூண் ஒன்றில் உட்கார்ந்து, எந்தக் கோழி முட்டை வைக்கவில்லை, எவன் மாட்டை விற்றான் என்று மாலகியிடம் சொல்வேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடும். எழுந்து வரும்போது அவர் பக்கத்துப் புல்லை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். அது என்னுடையது. வேறு எதுவும் என்னுடையது என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தோன்றியதில்லை.

போன ஏப்ரலில் மாலகியின் அண்ணன் ஃபின்டன் வந்து சேர்ந்தார். பத்தொன்பது வயசில் சிகாகோ போனவர், அங்கே தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி சாவுக்கு வராமல் ஒரு மலர் வளையம் அனுப்பியவர். கால் எலும்பு முறிந்திருந்ததாம். நான் பாதி நம்பினேன். பெண்டாட்டி எப்போதோ வேறொருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மகள் ஒருத்தி, சிகாகோவில், வேலை வேலை என்று இருப்பவள்.

ஊர்ப் பப்பின் மாடியில் அறை எடுத்துத் தங்கினார். ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"டிம்ப்னா, இந்த ஆத்தோரமா இருக்கிற பழைய இடமெல்லாம் பாக்கணும். சின்னப் பையனா இருந்தப்ப ஒண்ணையும் பாக்கல. உருளைக்கிழங்கு தோண்டத்தான் நேரம் இருந்துச்சு. நீ கூட வந்தா வழி தெரியும்."

"எனக்குக் கோழி இருக்கு, சாவி இருக்கு."

"கோழி உன்னத் தேடாது. சாவிய நோயல்கிட்ட குடு."

கொடுத்தேன். இப்படித்தான் எங்கள் வியாழக்கிழமைகள் ஆரம்பித்தன.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அறுபத்தெட்டு வயசு, அந்த வசந்தம் போல ஒரு காலம் எனக்கு வாய்த்ததில்லை. மாலகி நல்ல மனுஷன், ஆனால் சந்தையைத் தாண்டி வண்டி ஓட்டமாட்டார். ஃபின்டன் ஓட்டினார், அதுவும் அமெரிக்கர்கள் மாதிரி நடுச்சாலையில். ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் வட்டக் கோபுரத்துக்குப் போனோம். அதன் வாசல் தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் இருக்கும். அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்க தீயணைப்பு வண்டி ஏணி இருந்தா அரை நிமிஷம்," என்றார். "ஆயிரம் வருஷம் லேட்டா வந்துட்டீங்க," என்றேன். இளங்காளைகள் படுத்துக்கிடக்கும் கோட்டை ஒன்றுக்குள் சாணியை மிதித்துக்கொண்டு படி ஏறினோம். மேலிருந்து பார்த்தால் ஆறு வளைந்து வளைந்து போகிறது, கரை முழுக்க முள்மரங்கள் வெள்ளையாகப் பூத்திருக்கின்றன, ஒரு மனுஷ ஜாதி கண்ணில் படவில்லை. நான் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினேன். அவர் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். இன்னொருவர் கையால் வாங்கிச் சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எங்கே போனாலும் அவர் சிற்பத்தையும் வளைவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லறைகள் பக்கம் போய்விடுவார். அங்கே இருக்கிறவர்களைப் பிடித்து, இங்கே இப்போதும் புதைக்கிறார்களா, யாரைப் புதைப்பார்கள் என்று கேட்பார். கிழவர்களுக்கு அந்த ஆசை வரும் என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் ஆற்றுத் தீவில் இருக்கும் சின்னக் கோயிலுக்குப் படகில் போனோம். அங்கே புனிதக் கிணறு ஒன்று இருக்கிறது, பக்கத்து மரத்தில் ஜனங்கள் வேண்டுதலுக்காகக் கட்டிய துணிக் கிழிசல்கள் தொங்கும். நான் கிணற்றைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, படகு ஓட்டி வந்த பெண்ணிடம் ஃபின்டன் அதே கேள்வியைக் கேட்டார்.

"உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?" என்றாள் அவள்.

"ஸ்கேலி."

"கில்மோரன் ஸ்கேலியா? அட, மடத்துக்குள்ளயே சொந்த இடத்த வச்சுக்கிட்டு இங்க எதுக்குங்க வந்து கேக்கறீங்க? பணக்காரன் பிச்சை எடுக்கற கதையா இருக்கே!"

அவள் சிரித்தாள். நான் கிணற்றைச் சுற்றுவதை நிறுத்தினேன். இந்த மனுஷன் வேடிக்கை பார்க்க வரவில்லை, படுக்க இடம் தேடி வந்திருக்கிறார். அவர் ஸ்கேலி ரத்தம். நான் கட்டிக்கொண்டு வந்தவள். மடத்தில் இருப்பதோ ஒரே இடம்.

அடுத்த நாள் அவரே சாவி கேட்டு வந்தார். நானும் கூடப் போனேன். வடக்குச் சுவரோரம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"இங்க இன்னும் எத்தன பேருக்கு இடம் இருக்கு?"

"ஒருத்தருக்கு."

மேலே காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு சொன்னார்: "அப்படின்னா அது உன்னோடது, டிம்ப்னா."

"ஐயோ, எனக்கு எதுக்கு? உங்க அம்மா அப்பா கிடக்கிற இடம். நீங்க எடுத்துக்கோங்க."

"நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான். எனக்கு எங்க போட்டா என்ன?"

எங்கள் ஊரில் ஒருவருக்கு டீ கொடுக்கிறேன் என்றால் முதல் தடவை வேண்டாம் என்பார். இரண்டாவது தடவை, இப்போதுதான் குடித்தேன் என்பார். மூன்றாவது தடவை கேட்டால்தான், சரி, உங்களுக்காக ஒரு வாய் என்று உட்காருவார். முதல் தடவையே சரி என்கிறவனை நாங்கள் வளர்ப்பு சரியில்லை என்போம். இரண்டோடு கேட்பதை நிறுத்துகிறவனைக் கஞ்சன் என்போம். டீக்கும் அப்படித்தான், நிலத்துக்கும் அப்படித்தான். நான் மூன்றாவது தடவைக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

சிகாகோவில் இந்தப் பழக்கம் இல்லை போலிருக்கிறது. ஃபின்டன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிம்மா. நீ என்ன குடுத்திருக்கேன்னு உனக்கே தெரியாது. டாக்டருங்க இலை உதிர்ற வரைக்கும்தான்னு சொல்லிட்டாங்க. அங்க செத்தா என் மக என்னை எரிச்சிடுவா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நான் எரிஞ்சவங்கள எத்தன பேர மாடியிலேர்ந்து தூக்கிட்டு இறங்கியிருக்கேன் தெரியுமா? எனக்கு அது வேண்டாம். உன் இடத்தக் கேக்க மனசு வரல, அதான் மத்த இடமெல்லாம் கேட்டுப் பாத்தேன். ஒருத்தரும் குடுக்கல."

சாகப்போகிறவர் அழுகிறார். அவரிடம், நான் சும்மா மரியாதைக்குச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

வந்த வியாழக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. தேடியது கிடைத்துவிட்டது, இனி எதற்குச் சுற்றுவார்? மரியாதைக்குச் சொன்ன இரண்டு வார்த்தையில் செத்த பிறகு படுக்கிற இடமும் போயிற்று, உயிரோடிருக்கும்போது போக இருந்த இடமும் போயிற்று. பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சாயங்காலம் மடத்துக்குப் போனால் அந்தப் புல்லைப் பார்க்கப் பிடிக்கவில்லை. யாரோ வீட்டுத் தின்பண்டத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

நோயலிடம் போனேன். "பாறைய உடைக்க முடியாதா?"

"சர்க்கார் சொத்து, டிம்ப்னா. வெடி வச்சா என்னையும் சேத்து உள்ள போட்டுடுவாங்க. நின்ன மாதிரி வேணா உன்னப் புதைக்கலாம். உனக்கு அது பொருத்தமாவும் இருக்கும்."

"விளையாடாத. எனக்கு மாலகி பக்கத்துல படுக்கணும்."

அவன் சிரிப்பை விட்டுவிட்டான். "அத என்கிட்ட வந்து சொன்னா? அந்த ஆளுகிட்டப் போய்ச் சொல்லு."

அன்று மத்தியானமே போனேன். நடந்தே போனேன், ஆற்றோரப் பாதையில், கோபத்தோடு. அவர்மேல் கோபம், என்மேல் கோபம், என்னை இப்படி வளர்த்த ஊர்மேல் கோபம். ஃபின்டன் பப்பின் பின்பக்கம் ஆற்றைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இந்தக் கொஞ்ச நாளில் சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் திரும்பினால் எங்கே போவேன்? அந்த மஞ்சள் வீட்டுக்கா?

"ஃபின்டன், நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா நான் கெட்டவளாயிடுவேன், பரவால்ல. அந்த இடம் எனக்கு வேணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாப்பது வருஷம் அவர் பக்கத்துல படுத்தேன். அவர் இல்லாம நாலு வருஷம் படுத்துப் பாத்துட்டேன், எனக்கு முடியல. சாகறதுக்கு எனக்கு பயம் இல்ல. தனியா கிடக்கறதுக்குத்தான் பயம்."

"அப்ப அன்னிக்கு ஏன் எடுத்துக்கோங்கன்ன?"

"நீங்க மூணாவது தடவ கேப்பீங்கன்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. "கடவுளே! எங்க அம்மாகிட்ட கேக்குத் தட்ட நீட்டினா ரெண்டு தடவ வேண்டாம்பாங்க. மறந்தே போயிட்டேனே. அம்பது வருஷம் வெளிய இருந்தா மனுஷன் பாதி குருடாயிடறான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எடுத்துக்கோ டிம்ப்னா. அது உன்னோடதுதான்."

நாக்கு நுனிவரைக்கும் 'ஐயோ, வேண்டாம்' வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "சரி," என்றேன். என் வாழ்நாளில் முதல் தடவையே சரி என்று சொன்னது அன்றைக்குத்தான்.

"உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"டவுன்ல புது இடுகாடு இருக்குல்ல, ரவுண்டானா பக்கத்துல? அங்க பணம் கட்டினா குடுப்பாங்க. வண்டிச் சத்தத்துல தூக்கம் நல்லா வரும், சிகாகோ மாதிரி."

அந்தப் புது இடுகாட்டை எனக்குத் தெரியும். மரம் கிடையாது, சரளைக்கல், வரிசைக்கு எண். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் சொன்ன 'சரி'யைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர்கள் என் வீட்டில் ஒரு ஜனவரி மாதம் இருந்து பார்க்கட்டும்.

"வியாழக்கிழம என்ன பண்றீங்க?" என்றேன்.

"ஒண்ணும் இல்லையே."

"கீழ்ப்பக்கத்துல ஒரு கன்னியர் மடம் இருக்கு. சுவத்துல கடல்கன்னி செதுக்கியிருக்காங்க, கையில சீப்போட. வாங்க."

வந்தார். கோடை முழுக்கப் போனோம். முதலில் இருவரும் இறங்கி நடந்தோம். ஆகஸ்டில் அவர் காரிலேயே உட்கார்ந்துகொள்ள, நான் வண்டியை ஓட்டிப் போய் நிறுத்தி, இடிபாட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். ஜன்னல் எத்தனை, புறா எத்தனை, எந்த மூலையில் எவன் பெயரைக் கிறுக்கி வைத்திருக்கிறான் என்று எல்லாம் கேட்பார். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது, வெறும் கல் குவியலும் முள்செடியும். அப்போதும் ஒரு சிங்கத் தலை இருந்தது என்று அடித்துவிடுவேன். "உன் சிங்கம் எல்லாம் ஒரே ஜாடையா இருக்கே," என்பார். வீடு திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் நிறுத்தச் சொல்வார். அன்னங்கள் போவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்போம். பேசாமல் இருப்பதற்குக்கூட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

செப்டம்பரில், இலை உதிர ஆரம்பிப்பதற்கு முன்பே, ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

மகள் வரவில்லை. கோயிலில் காமிரா இருக்கிறது, சிகாகோவிலிருந்தே பார்த்துக்கொண்டாள். ஆகவே முன் வரிசையில் நான் ஒருத்திதான். ஊரே வரிசையாக வந்து என் கையைப் பிடித்து, "உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்," என்று சொல்லிவிட்டுப் போனது. பாதிப் பேருக்கு ஃபின்டன் யாரென்றே தெரியாது. எனக்கு அவர் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

புது இடுகாட்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. ரவுண்டானாவில் லாரிகள் சுற்றிக்கொண்டு போயின. பெட்டியை இறக்கும்போதுதான் கவனித்தேன். குழி ஒரு பக்கமாக வெட்டியிருந்தது. இரண்டு பேர் படுக்கிற அகலத்துக்குச் சுற்றிலும் சிமெண்ட் விளிம்பு கட்டி, மற்றப் பாதி சரளைக்கல்லோடு காலியாக இருந்தது.

எல்லோரும் நகர்ந்த பிறகு, சவ அடக்கக் காரியங்களைப் பார்த்துக்கொண்ட கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன். "அந்தப் பக்கம் யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்மா. உங்க பேர்லதான் எழுதியிருக்கார். உங்களுக்குத் தெரியாதா?"

"இங்க ரெண்டு ரெண்டாத்தான் விப்பாங்களா?"

அவர் குடையை எனக்கு மேலே பிடித்தார். "இல்லம்மா. ஒத்த இடமும் உண்டு. இவர்தான் ரெண்டு வேணும்னு கேட்டு வாங்கினார்."

நோயல்தான் என்னைத் தன் வண்டியில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் பாலம் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அவனால் அதற்கு மேல் முடியாது.

"அடிப்பாவி, உயிரோட இருக்கிறவங்களுக்கு இந்த ஜில்லாவுல ஒரு வீடு கிடைக்கல, உனக்கு ரெண்டு குழியா?" என்றான். நான் சிரிக்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எங்க, டிம்ப்னா? எனக்குத் தெரிஞ்சாகணும். நான்தான் வெட்டணும்."

"மாலகி பக்கத்துல."

யோசிக்காமல் வந்தது அது. யோசித்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

"சரி. அப்ப டவுன் இடத்த வித்துடு. நல்ல விலை போகும்."

"விக்கமாட்டேன்."

"யாரு படுக்கறது அதுல?"

"யாரும் வேண்டாம். தெரியாத ஒருத்தரக் கொண்டுவந்து அவர் பக்கத்துல போடச் சொல்றியா?"

"அப்ப அந்த ஆளு காலம் பூரா தனியாத்தானே கிடப்பான்?"

"ஆமா," என்றேன். தனியாகக் கிடப்பது எப்படி இருக்கும் என்று பப்பின் பின்பக்க பெஞ்சில் அவரிடம் சொன்னவளே நான்தான். அதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் இரண்டு இடம் வாங்கியிருக்கிறார். முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். நோயல் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நான் முடிக்கும்வரை ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.